ஒத்தக்கால் பூட்ஸ்

வாங்க தம்பி, வாங்க. சட்டர் பாதிதான் தொறந்திருக்குதேன்னு யோசிக்காதீங்க, குனிஞ்சு உள்ள வாங்க. கடை ஒம்பதரைக்குத்தாங்க தொறக்கறது. இன்னிக்கு ஆறரைக்கே வந்து உக்காந்துட்டன். ஊட்ல இருக்க முடியலீங்க. எம்பட ஊட்டுக்காரி பூஜை ரூமுக்கும் அடுப்படிக்கும் நடந்துக்கிட்டே இருக்கறா. அதான் சாவியெடுத்துக்கிட்டு வந்துட்டன்.

என்ன வேணுமுங்க? மலையேர்ற பூட்ஸா? எந்த மலைக்குங்க? மணாலிப் பக்கமா. சரியாப் போச்சு போங்க. இந்தக் கோபியில இத்தன செருப்புக்கடை இருக்கறப்ப, மலை பூட்ஸு கேட்டு எங்கிட்ட வந்தீங்க பாருங்க.

உக்காருங்க. எத்தனாம் நம்பரு? எட்டா? அப்ப மலைக்கு ஒம்பது போடோணும். எறங்கறப்பக் கட்டவெரலு முன்னால போயி முட்டுமுங்க, நகம் கறுத்துப் போயிரும். இதச் சொல்றது ஆரு? பாதமலர் காலணியகம் நாச்சிமுத்து. இருவத்தெட்டு வருசமா இந்த ஊர்க் காலுக்கெல்லாம் அளவு பாத்தவன். ஆறாயிரம் மீட்டர் மலைமேல ஒத்த பூட்ஸோட நின்னவன். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, பரவால்ல. ஊரே சிரிச்சு முடிச்சிருச்சு, நீங்கதான் பாக்கி.

நடுவுல நடுவுல நான் போனப் பாத்தாத் தப்பா நெனச்சுக்காதீங்க. எம்பொண்ணு தாரணி இன்னிக்கு அதே மலையில ஏறிக்கிட்டிருக்கறா. லடாக்குல. பேரு நம்ம வாயில நொழையாது. ராத்திரி ஒரு மணிக்குக் கெளம்பியிருப்பா, இந்நேரத்துக்கு மேல் மேட்டுக்கு வந்திருக்கோணும். கீழ கூடாரத்துல டவரு கெடைக்காதுங்க. அந்த மேட்டுக்கு வந்தா லே டவுனு நேராத் தெரியும், அங்கதான் போன் எடுக்கும். அங்கிருந்து உச்சிக்கு இன்னும் ஒரு மணி நேரம். கூப்பிட்டா அவ அம்மாளத்தான் கூப்பிடுவா, எனக்குத் தெரியும். இருந்தாலும் பாக்கறன்.

எங்கிட்ட அவ மலைப் பேச்சுப் பேசி ஒரு வருசமாச்சுங்க. மத்ததெல்லாம் பேசுவா. சாப்டீங்களாப்பா, சக்கரை எத்தன காட்டுச்சுங்கப்பா, கடைக்கு மழத்தண்ணி வந்துச்சாங்கப்பா, எல்லாம் கேப்பா. மலைன்னு ஒரு வார்த்த வராது. இந்தத் தடவ போறதே ஊட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெத்த அப்பன், செருப்புக்கடை வெச்சிருக்கறவன், எங்கிட்ட ஒரு சாக்ஸுகூட வாங்கலீங்க.

இந்தத் தடி சாக்ஸப் போட்டுக்கிட்டுக் கால உள்ள விடுங்க. குதிகாலத் தரையில தட்டுங்க. இன்னொருக்காத் தட்டுங்க. ம்.

போன வருசம் நடந்தது இது. அதுக்கு முந்தின வருசம் ஒருக்கா அவ போயி, பனி கொட்டி, கூடாரத்துலிருந்தே திரும்பி வந்துட்டா. ரெண்டாந்தடவைக்கு ஒரு வருசம் தயாரானா. கோயமுத்தூர்ல லேப்ல வேலைங்க அவளுக்கு. விடியால எந்திரிச்சு ஓடுவா. ஞாயித்துக்கெழமையானா முதுகுல தண்ணிக் கேனு கட்டிக்கிட்டு, பதினாலு மாடிக் கட்டடத்துல படியேறி எறங்குவா. சினிமா இல்ல, கல்யாணங்காச்சி இல்ல. லீவையெல்லாம் சேத்து வெச்சா. அந்த உச்சி ஒண்ணுதான் அவளுக்கு.

நான் என்ன பண்ணுனன்? நானும் வாரேன்னுட்டன். அவ கூப்புடலீங்க. பொட்டப்புள்ளையத் தனியா உடறதான்னு நானாக் கெளம்புனன். தனியாவே இல்ல, கூட வழிகாட்டி, சமையக்காரரு, புனேக்காரங்க ரெண்டு பேரு, எல்லாம் இருந்தாங்க. இருந்தாலும் பாதுகாப்புக்கு ஒரு அப்பன் வேணுமில்லீங்களா? அவளும், ‘சரிங்கப்பா, டாக்டர் சரின்னா வாங்க’ன்னா. டாக்டரு பாருங்க, அவரும் நம்ம கடைக் கஸ்டமரு. சரின்னுட்டாரு.

நம்மளுக்குத் தெம்பு எங்கிருந்து வந்துச்சுன்னா, வெள்ளியங்கிரிங்க. ஏழு மல. இருவத்திரண்டு தடவ ஏறியிருக்கறன், அத்தனையும் வெறுங்காலு. செருப்புக்கடைக்காரன் வெறுங்கால்ல மலையேர்றானேன்னு பாப்பீங்க. அது சாமி மலைங்க, அங்க ஏவாரம் வேற. அந்தக் கணக்குல இமயமலைய வெச்சுக்கிட்டன். ஏழு மல ஏறுனவனுக்கு இது இன்னும் ரெண்டு மலதானேன்னு.

லேயில போயி எறங்குனதும் தல விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது. நான் ஆருகிட்டயும் சொல்லல. ‘தலவலி இருக்குதுங்களா’ன்னு அவ கேட்டா, ‘எனக்கெதுக்கு வருது’ன்னன். அவளாத் தண்ணியக் கொண்டாந்து கொண்டாந்து வெப்பா, நான் அவ ஆசைக்குக் குடிப்பன். அங்க பனிமலை பூட்ஸு வாடகைக்குக் குடுப்பாங்க. மேல பிளாஸ்டிக்கு, உள்ளுக்குள்ள இன்னொரு மெத்த பூட்ஸு, ஒவ்வொண்ணும் ஒரு பச்சப்புள்ள கனம். அந்தக் கடைக்காரங்கிட்ட நான் பண்ணுன அளும்பு இருக்குதே. தையலு சரியில்லைங்கறேன், கட்டவெரலுக்கு எடமில்லைங்கறேன், கயிறு இப்படியா கோக்கறதுங்கறேன். புனேக்காரங்கள உக்கார வெச்சு, பூட்ஸுக் கயிறு எப்படிக் கட்டறதுன்னு அரை மணி நேரம் பாடம் எடுத்தன். அவங்களும் செல்போன்ல படம் புடிச்சுக்கிட்டாங்க. அந்தப் படம் இன்னும் அவங்ககிட்ட இருக்குது, அத நெனச்சாத்தான் எனக்கு ஒடம்பு கூசுது.

வழிகாட்டி பேரு நோர்பு. அந்த ஊர்க்காரரு, முப்பத்தஞ்சு வயசிருக்கும், அலட்டிக்காத ஆளு. அவருக்கு ஒதவிக்கு ரிக்சின்னு ஒருத்தரு. நோர்பு கொஞ்சம் இங்கிலீசு பேசுவாரு. ரிக்சினுக்கு அவங்க பாசையும் இந்தியும்தான், எனக்கு ரெண்டும் தெரியாது. நோர்பு வாயத் தொறந்தா ‘கூலே கூலே’ம்பாரு. மெதுவாப் போங்கன்னு அர்த்தமாம். மூணு நாளு கழிச்சுத்தான் தெரிஞ்சுது. அது வரைக்கும், இந்த மனுசனுக்குக் கூழு மேல அத்தன ஆசையான்னு நெனச்சுக்கிட்டிருந்தன். கொள்ளுப்பருப்புப் பொடி கொண்டு போயிருந்தன், பாவம்னு அதக்கூட ஒரு நா அவருக்குக் குடுத்தன்.

நடை எப்படீன்னா, நான் முன்னால, எம்பொண்ணு பின்னால. எல்லா நாளும் அப்படித்தான். எம்பட வேகத்துக்கு அவளால வர முடியலன்னு நெனச்சு, நான் நின்னு நின்னு போனன். ரெண்டாம் நாளு எம்பட பையைக் கேட்டு வாங்கி, அவ பை மேல வெச்சுக் கட்டிக்கிட்டா. எடை தூக்கிப் பழகட்டும்னு நானும் குடுத்துட்டன். பெத்தவங்க புள்ளைகளுக்கு ஒரு வாய்ப்புக் குடுக்கோணுமில்லீங்களா.

கட்டவெரலு தொடுதா? தொடலயில்ல? நடந்து பாருங்க, கண்ணாடி வரைக்கும் போயிட்டு வாங்க.

உச்சிக்குப் போற அன்னிக்கு ராத்திரி ஒரு மணிக்குக் கெளம்புனோம். நெத்தியில லைட்டு, இடுப்புல கயிறு. பூட்ஸுக்கு அடியில இரும்பு முள்ளுச் சட்டம் ஒண்ணு மாட்டோணும், அதுதான் பனியில வழுக்காமப் புடிக்கும். எல்லாரும் ஒரே கயித்துல. முன்னால நோர்பு, கடைசியில ரிக்சின். பத்தடி வெச்சா நிக்கோணும், அப்படி மூச்சு வாங்குது. ஏழு மலைக்காரன் அங்க எல்லாச் சாமியையும் கூப்பிட்டாச்சு. விடிஞ்சு ஏழு மணி வாக்குல அந்த மேட்டுக்கு வந்தோம். பனி வெட்டவெளி, அந்தாண்ட பூராச் சரிவு. நோர்பு கையைத் தூக்கிக் காட்டுனாரு. அந்தா உச்சி. தொட்டறலாம் போல இருக்குதுங்க. எம்பொண்ணு அதப் பாத்துக்கிட்டே நின்னா. எங்கூட்டுல அவ அப்படி ஒண்ணப் பாத்து நான் பாத்ததில்லீங்க.

அந்த மேட்டுல கல்லக் குமிச்சு வெச்சிருக்கறாங்க. சுத்தியும் கலர்க் கலராக் கொடி. நடுவுல உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலை. நோர்பு அதத் தொட்டுக் கும்பிட்டுப்போட்டு, காமணி நேரம் எல்லாரும் உக்காருங்க, டீ குடிங்கன்னுட்டு, மேல கயிறு கட்டப் போயிட்டாரு. அவங்கவங்க உச்சியப் பாத்துத் திரும்பி உக்காந்து பிளாஸ்க்கத் தொறக்கறாங்க. நான் அந்தச் சிலையப் பாத்தன்.

தம்பி, நீங்களே சொல்லுங்க. சாமிக்கு முன்னால நிக்கறம். கால்ல என்ன இருக்குது?

யோசிச்சுப் பண்ணுனதில்லீங்க. கை தானாப் போச்சு. மொதல்ல முள்ளுச் சட்டத்தக் கழட்டுனன். அப்புறம் பூட்ஸுக் கயிறு. அப்புறம் பூட்ஸு. அந்தக் காத்துல, அந்த வெரலு மரத்த கையோட, ரெண்டு காலையும் கழட்டறதுக்கு பத்து நிமிசம் ஆகியிருக்கும். அந்தப் பத்து நிமிசத்துல ஒரு செகண்டாவது, அடேய் நாச்சிமுத்து, இது கோயில் வாசலில்லடா, பனிடான்னு புத்தி வரோணுமில்ல? வரலீங்க. கழட்டி, ஜோடியா, வரிசையா, ஓரமா வெச்சன். நடையில செருப்பு விடறப்ப நாலு பேருக்கு எடஞ்சலில்லாம வெப்பமில்ல, அந்த மாதிரி. சாக்ஸுக் காலோட போயிக் கும்பிட்டன். திரும்பி வந்து உக்காரப் போனன். மரத்துப் போன காலு, எங்க வெக்கறம்னு தெரியல. தட்டுச்சு.

எடது பூட்ஸு சர்ருன்னு போச்சுங்க. மொதல்ல மெதுவாத்தான் போச்சு, புடிச்சறலாம் போல. அப்புறம் வேகமெடுத்துச்சு. ஒரு சத்தமில்ல. நாங்க அஞ்சு பேரும் உக்காந்து பாத்துக்கிட்டிருந்தோம். புனேக்காரரு ஒருத்தரு கையில டீயோட எந்திரிச்சு நின்னாரு, ரயிலேத்தி உடறவங்க நிக்கற மாதிரி. ஒரு புள்ளியாப் போயி, ஒரு வெடிப்புக்குள்ள உழுந்துருச்சு.

நோர்பு எறங்கி வந்து எங்காலப் பாத்தாரு, வெறும் சாக்ஸு. பூட்ஸ் எங்கன்னாரு. நான் அந்தச் சரிவக் காட்டுனன். எதுக்குக் கழட்டுனீங்கன்னாரு. நான் சிலையக் காட்டுனன். அவரு சிரிக்கலீங்க. எடது காலுக்குக் கெட்டிச் சாக்ஸு ரெண்டு மாட்டி, அதுக்கு மேல எறகு வெச்ச கையுறைய மாட்டி, அதுக்கு மேல ஒரு பையச் சுத்தி, கயித்துல கட்டுனாரு. அப்புறம் எம்பொண்ணுகிட்டச் சொன்னாரு. ரிக்சின் அங்கிளைக் கூட்டிக்கிட்டு எறங்கட்டும், காலு நல்லாத்தான் இருக்குது, பயப்பட ஒண்ணுமில்ல, நீங்க மூணு பேரும் எங்கூட வாங்க, ஒரு மணி நேரம்தான்.

அவ என்னையப் பாத்தா.

நான் என்ன சொன்னன் தெரியுமா? ‘பரவால்ல கண்ணு. நீ போ’ன்னன்.

நல்ல வார்த்ததானேம்பீங்க. நோர்புவும் அப்படித்தான் நெனச்சாரு. ஆனா நம்மூட்டுப் பரவால்லயப் பத்தி உங்களுக்குச் சொல்லோணுமா? தோச தீஞ்சு போனா அது ஒரு பரவால்ல. கல்யாணத்துக்கு மொறையா வந்து அழைக்காத ஒறம்பறைகிட்ட ‘பரவால்லீங்க’ன்னு சொன்னா, இனி உங்கூட்டு வாசப்படி மிதிக்க மாட்டன்னு அர்த்தம். எங்கப்பா இருந்தாரே, எங்கம்மா அவங்க அம்மா ஊட்டுக்குக் கெளம்பறப்ப, ‘பரவால்ல, நீ போயிட்டு வா’ம்பாரு. எங்கம்மா பையக் கீழ வெச்சுரும். நான் சொன்னது அந்தப் பரவால்ல. காலப் புடிச்சுக்கிட்டு, மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, ‘நான் எப்படியோ போயிக்கறேன், நீ போ’ன்னன். அவ எம்மகங்க. அவளுக்கு அந்தப் பாசை தெரியும்.

நோர்பு இங்கிலீசுல கேட்டாரு, அப்பா என்ன சொல்றாருன்னு. ‘என்னையப் போகச் சொல்றாரு’ன்னா. அப்பக் கெளம்பலாமேன்னாரு. ‘போகச் சொல்றாரு, அதனாலதான் போக முடியாது’ன்னா. அவருக்கு ஒண்ணும் வெளங்கலை. எனக்கு வெளங்குச்சு. வெளங்கியும் வாயத் தொறக்கலை.

எறங்கிட்டோம். அவ, நான், ரிக்சின். புனேக்காரங்க உச்சிக்குப் போயி, படம் எடுத்து, குரூப்புல போட்டாங்க. எம்பொண்ணு அதுக்குக் கை தட்டற பொம்மை அனுப்பிச்சா. வழி பூரா எம்பட கையப் புடிச்சுக்கிட்டு, ‘பாத்துங்கப்பா, இங்க வழுக்குமுங்கப்பா’ன்னு அதையேதான் சொன்னா. ஒரு வார்த்த திட்டலீங்க. திட்டியிருந்தா நான் நாலு வார்த்த திருப்பிப் பேசி, அது அன்னிக்கே தீந்து போயிருக்கும்.

இங்க வந்து நான் சொன்ன கதை வேற. எம்பட கடையிலயே உக்காந்து, காலு வெறைச்சுப் போச்சு, வெரல எடுக்கறாப்புல ஆயிருச்சு, புள்ள பதறிப் போயி எங்கூடவே எறங்கிட்டான்னு எத்தன பேர்கிட்டச் சொல்லியிருக்கறன். பூட்ஸு போனதுக்குச் சிரிக்கறவங்க, கால நெனச்சு அய்யோ பாவம்பாங்க. அதனால அந்தக் காலு மாசத்துக்கு மாசம் மோசமாயிக்கிட்டே போச்சு. தீவாளி வாக்குல நடக்கவே முடியாதுன்னு ஆயிருந்துச்சு. பத்து வெரலும் இருக்குது, பாருங்க. கீழ வந்து வெந்நீருல வெச்சன், காமணி நேரத்துல சரியாப் போச்சு. இன்னிக்கு வரைக்கும் இதை ஆருகிட்டயும் சொன்னதில்ல. இப்ப உங்ககிட்டத்தான் சொல்றன், உங்க பேருகூட எனக்குத் தெரியாது.

அப்பக் காலு நல்லா இருந்தா, எதுக்கு அப்படிச் சொன்னீங்கன்னு கேக்க வர்றீங்க. கேக்கலயா? கேளுங்களேன் தம்பி. ஆராவது கேக்கோணுமில்ல.

இருங்க. போனு. ஒரு நிமிசம்.

அவதான். எனக்குத்தான் கூப்பிடறா.

அலோ. அம்மிணி. கேக்குது கண்ணு, சொல்லு. காத்து இரையுது, சத்தமாச் சொல்லு. எங்க? அந்தக் கல்லுக்கிட்டயா. பூட்ஸா? அது அங்கெங்க கெடக்கும், நீ ஒருத்தி. அதப் பாக்காத, நீ சரிவுப் பக்கம் போகாத. சாப்டியா. தல வலிக்குதா. சரி. சரி. ஒரு மணி நேரமா. நோர்பு கேட்டாரா, சொல்லு, நானும் கேட்டேன்னு சொல்லு.

நானா? நான் என்னத்தச் சொல்றது. நீ வந்து... இரு, இரு, வெச்சறாத. ஒண்ணு சொல்லிப்போடறன், அப்புறம் வெய்யி. அன்னிக்கு எனக்குக் காலு நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு. பயமா இருந்துச்சு. நீ மேல போயி, நான் அந்தாளோட, பேச்சுக்கூடத் தெரியாத ஆளோட, தனியாக் கீழ எறங்கோணும்னாங்களே, அதுக்குத்தான். வேற ஒண்ணுமில்ல. உனக்குக் காவலுக்கு வந்ததெல்லாம் இல்ல. பயம். அத மறைக்கத்தான் அப்படிச் சொன்னன்.

என்னது?

தெரியுமா? எப்ப... அப்பவேவா? அப்புறம் எதுக்குச் சாமி எறங்கி வந்த?

...

இருக்கறன், இருக்கறன். கேட்டுக்கிட்டுத்தான் இருக்கறன். இப்பவா? இப்பவும் பயமாத்தான் இருக்குது. நீ ஏறு.

போன வெச்சுட்டா தம்பி.

சித்த இருங்க தம்பி, தண்ணி குடிச்சுக்கறன்.

‘தெரியுமுங்கப்பா’ங்கறா. அந்தக் கயித்துல இருந்த எல்லாருக்கும் தெரியுமாம், நோர்பு உட்பட. எனக்கு மட்டுந்தான் ரகசியம். அப்புறம் எதுக்கு எறங்கி வந்தேன்னு கேட்டா, ‘நீங்க பயந்து நான் பாத்ததே இல்லீங்கப்பா. உங்கள அப்படி உட்டுட்டு எப்படீங்கப்பா மேல போறது’ங்கறா. ஒரு வருசமா எம்மேல கோவம், அதான் மலைப் பேச்சு எடுக்க மாட்டீங்கறாள்னு நெனச்சுக்கிட்டிருந்தன். கோவமெல்லாம் இல்லியாம். பேச்செடுத்தா எனக்கு வெக்கமாப் போயிருமுன்னு அவ எடுக்கலியாம். நான் கடையில உக்காந்து அந்தக் காலுக் கதையச் சொல்றதெல்லாம் அவளுக்குத் தெரியுமாம், கேக்கறவங்ககிட்ட அவளும் ஆமாம்பாளாம். இருவத்தேழு வயசுங்க அவளுக்கு. நான் அவள இத்துனூண்டுன்னு நெனச்சு, பையத் தூக்கிப் பழகட்டும்னு குடுத்தவன்.

ஏறட்டும். நல்லா ஏறட்டும். ஊட்டுக்காரிக்குச் சொல்லோணும், அவ இன்னும் நடந்துக்கிட்டுத்தான் இருப்பா.

உங்க பஸ்ஸு எத்தன மணிக்குங்க? பத்தேகாலுக்கா? இப்ப எட்டுக்கூட ஆகலியே. ஒரு மணி நேரம் இங்கயே இருந்துட்டுப் போங்க தம்பி. டீ சொல்றன். இந்த பூட்ஸு வேண்டாம்னாலும் வேண்டாம், சும்மா உக்காந்திருங்க. அவ மேல போயிச் சேர்ற வரைக்கும் என்னால தனியா இருக்க முடியாதுங்க.